ஆரம்பப் பாடசாலையில் குழந்தைகள் கற்பவையும் பெற்றோர் செய்யத்தக்க உதவியும்

2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி, தருமபுரி ஜில்லாவில் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் நூற்றுக்கு 68.54 பேரே எழுத்தறிந்தவர்கள். தமிழ்நாடு முழுவதற்கும் இந்த விகிதம் 80.09 ஆக இருந்தது. அன்று தமிழ்நாட்டு ஜில்லாக்களுள் தருமபுரியே கடைசி ஸ்தானத்தில் நின்றது. பெண்களை மட்டும் கணக்கிட்டால் நூற்றுக்குச் சுமார் 60 பேர்தான் எழுத்தறிந்திருந்தனர். அக்காலத்தில் சிறுமிகளாகவும் இளம் பெண்களாகவும் இருந்தவர்கள் இன்று தாய்மார்களாக இருக்கின்றனர். பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புகின்றனர்.

இன்று பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்புவதில் பெற்றோருக்குப் பணச் செலவு அதிகம் இல்லை. சர்க்கார் பாடசாலையில் சம்பளம் கிடையாது. புத்தகங்களும் சீருடையும் பகலுணவும் இலவசமாகக் கிடைக்கின்றன. 2022-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டு முதல் சர்க்கார் ஆரம்பப் பாடசாலைகள் யாவற்றுக்கும் விஸ்தரிக்கப்பட்டது. ஆயினும் எழுத்தறியாத பெற்றோர் பலருக்கு ஓர் எண்ணம் உண்டு. “எங்களுக்கே எழுத்துத் தெரியாது, பிள்ளையின் படிப்புக்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?” என்பதே அது. இவ்வெண்ணம் தவறானது. ஆரம்பப் பாடசாலையில் குழந்தை எதைக் கற்கிறது, அது எவ்வாறு மனத்தில் நிலைக்கிறது என்பதை அறிந்துகொண்டால், வீட்டிலிருந்து கிடைக்கவேண்டிய உதவியில் பெரும்பகுதிக்கு எழுத்தறிவே தேவையில்லை என்பது விளங்கும்.

முற்காலத்து நிலை

கிராமங்களில் கல்வியைப் பற்றிக் கணக்கெடுக்கும் வேலை சென்னை ராஜதானியில் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே நடந்தது. அதற்கு உத்தரவிட்டவர் தருமபுரிப் பிரதேசத்தை நன்கறிந்த ஸர் தாமஸ் மன்றோ ஆவார். 1792-ஆம் ஆண்டில் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கம்பெனியார் வசம் வந்தபோது, கேப்டன் அலெக்ஸாண்டர் ரீடின் கீழ் நிலவரி ஏற்பாடு செய்வதற்காக மன்றோ இங்கு வந்து, 1799 வரையில் வேலை பார்த்தார். பின்னர் அவர் சென்னைக் கவர்னரானபோது, 1822-ஆம் ஆண்டில் ஜில்லாக்கள்தோறும் உள்ள பாடசாலைகளையும் அவற்றில் படிப்போரையும் கணக்கெடுக்கும்படி கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி ராஜதானி முழுவதிலும் 12,498 பாடசாலைகளும் 1,88,650 மாணாக்கர்களும் இருந்தனர். பெண் குழந்தைகள் மிகச் சிலரே. கல்வி தாழ்ந்திருப்பதற்குக் காரணமாக அவர் குறித்தவற்றுள் ஜனங்களின் வறுமையும், கல்விக்குப் போதிய ஆதரவு இல்லாமையும் முக்கியமானவை.

அக்குறிப்பில் மற்றொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. சென்னை நகரத்தில் பாடசாலைகளில் படித்தவர்களைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு, அதாவது 26,963 பேர், வீட்டிலேயே கற்பிக்கப்படுவதாகக் கணக்கு வந்தது. அவ்வெண்ணில் பிழை இருக்கலாம் என்று மன்றோவே கருதினார். எண்ணிக்கை எவ்வாறாயினும், வசதியுள்ள குடும்பங்களில் வீடும் ஒரு பாடசாலையாக இருந்தது என்பது தெளிவு. வறிய குடியானவன் வீட்டுக்கு அந்தப் பாக்கியம் இல்லாதிருந்தது.

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலில் எழுத்தைத் தீட்டினர், ஓலையில் எழுதினர், எண்சுவடியை ஒப்புவித்தனர். அகரவரிசையில் அமைந்த ஆத்திசூடியை மனனம் செய்தனர். பொருள் பின்னால் விளங்கும் என்பது அக்காலத்து முறை. இப்போதைய ஆரம்பப் பாடசாலையில் முறை மாறியிருக்கிறது. பாட்டும், கதையும், விளையாட்டும், படங்களும், கையால் தொட்டு எண்ணும் பொருள்களும் பாடத்தின் பகுதிகளாகிவிட்டன. இதைக் கண்டு, “பாடசாலையில் படிப்பு நடக்கவில்லை, விளையாட்டுத்தான் நடக்கிறது” என்று சில பெற்றோர் எண்ணுகின்றனர். அது சரியன்று. குழந்தை பொருளறிந்து கற்பதற்காகவே இம்முறை கையாளப்படுகிறது.

தமிழ்

தமிழ்நாட்டில் ஐந்து வயது பூர்த்தியான குழந்தை முதல் வகுப்பில் சேர்க்கப்படுகிறது. எழுத்துக்கு முன் பேச்சு வருகிறது. குழந்தை முதலில் கேட்கவும், கேட்டதைத் திருப்பிச் சொல்லவும், படத்தைப் பார்த்துப் பேசவும் பழகுகிறது. அதன் பிறகு எழுத்துகளின் ஒலியையும் வடிவையும் கற்கிறது. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 எழுத்துகள் உண்டு. இத்தனையையும் குழந்தை தனித்தனியே மனனம் செய்யவேண்டியதில்லை. மெய்யோடு உயிர் சேரும்போது வடிவம் எவ்வாறு மாறுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பெரும்பாலான எழுத்துகள் தாமே வந்துவிடும். ட, ப, ம என்னும் மூன்று எழுத்துகளையும், புள்ளியின் உபயோகத்தையும் அறிந்த குழந்தை படம், மடம், பட்டம் என்னும் சொற்களை வாசித்துவிடும். எழுத்துகள் எப்போதும் அகரவரிசைப்படியே போதிக்கப்படாததற்கு இதுவே காரணம்.

எழுத்தைக் கூட்டிச் சொல்லை வாசிப்பதும், சொற்களைக் கோத்து வாக்கியத்தை வாசிப்பதும், வாசித்ததன் பொருளைத் தன் சொந்த வார்த்தையில் சொல்வதும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் படிகள். ந, ன, ண ஆகியவற்றையும், ர, ற ஆகியவற்றையும், ல, ள, ழ ஆகியவற்றையும் வேறுபடுத்தி எழுத வெகுநாள் செல்லும். இதற்காகக் குழந்தையைத் தண்டித்தல் கூடாது.

தருமபுரி ஜில்லாவில் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாகப் பேசும் குடும்பங்கள் பல உள்ளன. அவ்வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடசாலைத் தமிழ் தொடக்கத்தில் சற்றுப் புதிதாக இருக்கும். அதனால் வீட்டு மொழியில் குழந்தையிடம் பேசுவதைப் பெற்றோர் நிறுத்திவிடவேண்டியதில்லை. எந்த மொழியிலாயினும் கதை கேட்டு, கேள்வி கேட்டு வளர்ந்த குழந்தை, இரண்டாவது மொழியையும் விரைவில் பற்றிக்கொள்ளும். பேச்சே இல்லாத வீட்டுக் குழந்தைக்குத்தான் எல்லா மொழியும் கடினமாகும்.

ஆங்கிலமும் முதல் வகுப்பு முதலே போதிக்கப்படுகிறது. பாட்டுகளிலும் சிறு சொற்களிலும் அது தொடங்குகிறது. தமிழில் தடையின்றி வாசிக்கக் கற்ற குழந்தைக்கு, எழுத்தும் ஒலியும் சேர்ந்து சொல்லாகும் விதம் முன்பே விளங்கியிருக்கும். ஆதலால் ஆங்கில வாசிப்பும் எளிதாகும்.

கணக்கு

கணக்கில் முதற்பாடம் எண்களின் பெயரைச் சொல்வதன்று. ஒரு பொருளுக்கு ஓர் எண் என்று தொட்டு எண்ணுவதே முதற்பாடம். நூறு வரையில் வாயால் ஒப்புவிக்கும் குழந்தை, பன்னிரண்டு புளியங்கொட்டைகளைச் சரியாக எண்ணத் தவறுவதுண்டு. ஆகையால் உபாத்தியாயர்கள் மணிகளையும் குச்சிகளையும் கொண்டு எண்ணப் பழக்குகின்றனர். பத்துக் குச்சிகளைச் சேர்த்து ஒரு கட்டாகக் கட்டும்போது, குழந்தை ஒன்று, பத்து, நூறு என்னும் இடமதிப்பைக் கற்கிறது. கூட்டலில் மிச்சத்தை அடுத்த இடத்திற்குக் கொண்டுபோவதும், கழித்தலில் பக்கத்து இடத்திலிருந்து கடன் வாங்குவதும் இக்கட்டுகளைச் சேர்ப்பதும் பிரிப்பதுமே ஆகும். இவற்றிற்குப் பிறகு பெருக்கல் வாய்பாடு, வகுத்தல், பின்னம், நீளம், நிறை, கொள்ளளவு, நேரம், பணம் ஆகியவை ஐந்தாம் வகுப்பிற்குள் போதிக்கப்படுகின்றன.

இவை யாவும் குடியானவனின் வீட்டில் தினமும் நடப்பவை. சங்கத்தில் ஊற்றிய பாலின் அளவு, பாலக்கோடு சந்தைக்குச் செல்லும் தக்காளிப் பெட்டிகளின் எண்ணிக்கை, பட்டுக்கூட்டின் நிறை, ரேஷன் கடையில் வாங்கிய அரிசியின் அளவு ஆகிய ஒவ்வொன்றும் ஒரு கணக்குப் பாடமே. எழுத்தறியாத தாயார் பலர் மனக்கணக்கில் மிக வல்லவர்கள். கடைக்காரன் கொடுத்த சில்லறை சரியா என்பதைத் தாம் எவ்வாறு கண்டுபிடிக்கிறோம் என்று அவர்கள் குழந்தைக்குச் சொல்லிக் காட்டுவது, நோட்டுப் புத்தகத்தில் பத்துக் கணக்குகள் போடுவதற்கு ஈடாகும். பல்லாங்குழியும் தாயமும் எண்ணுவதற்கும் கூட்டுவதற்கும் நல்ல பயிற்சியாகும்.

சுற்றுப்புற அறிவு

முதல் இரு வகுப்புகளில் சூழ்நிலையியல் என்னும் பெயரிலும், மேல் வகுப்புகளில் அறிவியல், சமூக அறிவியல் என்னும் பெயர்களிலும் குழந்தை தன்னைச் சுற்றியுள்ள உலகத்தைப் பற்றிக் கற்கிறது. தேகம், ஆகாரம், சுத்தம், செடிகொடிகள், பிராணிகள், நீர், ஊர், தொழில்கள் ஆகியவை இதன் விஷயங்கள்.

இப்பாடம் வீட்டுக்கு நேரடியாகப் பயன்படும் என்பதற்கு நீரே ஓர் உதாரணம். தருமபுரிப் பிரதேசத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் புளோரைடு உப்பு அளவுக்கு மேல் இருக்கிறது. பல் உருவாகும் இளம் வயதில் அந்நீரைத் தொடர்ந்து அருந்தும் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படிகிறது. பல்லாண்டுகள் அருந்துவோருக்கு எலும்பும் மூட்டும் பாதிக்கப்படுகின்றன. காய்ச்சுவதால் இவ்வுப்பு நீங்குவதில்லை. இதன் பொருட்டே ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பட்டது. ஆழ்குழாய்க் கிணற்று நீரைத் துணி துவைக்கவும், குழாயில் வரும் காவிரி நீரைக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்ளவேண்டும் என்று குழந்தை வீட்டில் வந்து சொன்னால், பெற்றோர் அதைக் கேட்டு நடத்தல் வேண்டும். தான் கற்றது வீட்டில் மதிக்கப்படுகிறது என்று காணும் குழந்தைக்குக் கல்வியில் ஊக்கம் உண்டாகும்.

வகுப்பு ஏறுதலும் கற்றலும்

ஆரம்ப வகுப்புகளில் குழந்தைகள் பரீட்சையில் தவறியதாக அதே வகுப்பில் நிறுத்தப்படுவதில்லை. வருஷந்தோறும் அடுத்த வகுப்பிற்கு அனுப்பப்படுகின்றனர். இதனால் பயந்து படிப்பை விடுவோர் குறைகின்றனர். ஆனால் பெற்றோர் இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். நான்காம் வகுப்பில் இருப்பதனாலேயே ஒரு குழந்தை நான்காம் வகுப்புப் புத்தகத்தை வாசிக்கும் என்று கொள்ளலாகாது.

மூன்றாம் வகுப்பு வரையில் குழந்தை வாசிக்கக் கற்கிறது. அதற்குமேல் வாசித்துத்தான் மற்ற விஷயங்களைக் கற்கவேண்டும். வாசிப்பு வராமல் மூன்றாம் வகுப்பைத் தாண்டும் குழந்தைக்கு எல்லாப் பாடங்களும் ஒருங்கே கடினமாகின்றன. வகுப்பில் மௌனமாக உட்காரும். பின்னர் பாடசாலைக்குப் போக மறுக்கும். சில ஆண்டுகளில் ஆண் பிள்ளை கூலி வேலைக்கும், பெண் பிள்ளை வீட்டு வேலைக்கும் நின்றுவிடும். பத்து வயதில் கவனிக்கப்படாத குறை பதினான்கு வயதில் படிப்பின் முடிவாகிறது.

கொள்ளை நோயின் காரணமாக 2020 மார்ச்சு முதல் 2021 அக்டோபர் முடிய ஆரம்ப வகுப்புகள் மூடப்பட்டிருந்தபோது இக்குறை மிகவும் பெருகிற்று. அதை நிவர்த்திக்க, மாலை வேளைகளில் தன்னார்வலர் கற்பிக்கும் ‘இல்லம் தேடிக் கல்வி’ 2021 அக்டோபரில் ஆரம்பிக்கப்பட்டது. 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ என்னும் திட்டம் வந்தது. எட்டு வயதிற்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருளறிந்து வாசிக்கவும், அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் அறிந்திருக்கவேண்டும் என்பது அதன் நோக்கம். இத்திட்டத்தில் குழந்தைகள் தத்தம் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று பிரிவினராகக் கொள்ளப்பட்டனர். தம் குழந்தை அரும்பு நிலையில் இருப்பதாக அறிந்த பெற்றோர் அதை அவமானமாகக் கருதுவது தவறு. குழந்தை நிற்கும் இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்குவதற்காகவே இவ்வேற்பாடு செய்யப்பட்டது.

பெற்றோர் செய்யக்கூடியவை

எழுத்தறிந்தவரும் அறியாதவரும் ஒருங்கே செய்யக்கூடிய உதவிகள் வருமாறு:

1. பிரதி தினமும் தவறாமல் அனுப்புதல். கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி ஆரம்ப வகுப்புகளுக்கு வருஷத்தில் குறைந்தது 200 வேலை நாட்கள் உண்டு. வாரத்திற்கு ஒரு நாள் வீதம் தவறும் குழந்தை வருஷத்தில் 40 நாட்களை இழக்கிறது. ஐந்து வருஷங்களில் இது 200 நாட்கள், அதாவது ஒரு முழு வருஷத்துப் படிப்பு ஆகிறது. மாங்காய் அறுவடை, புளியிலிருந்து கொட்டை நீக்கும் வேலை, ஆடு மேய்த்தல், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளுதல் ஆகியவற்றிற்காகப் பிள்ளையை நிறுத்துவதால் ஏற்படும் நஷ்டம் உடனே தெரிவதில்லை. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமும், பதினான்கு வயதிற்குட்பட்டவர்கள் சொந்தக் குடும்ப வேலையில்கூடப் பாடசாலை நேரத்திற்குப் பின்னரும் விடுமுறையிலுமே உதவலாம் என்கிறது.

2. வாசிக்கச் சொல்லிக் கேட்டல். இரவில் உணவிற்கு முன் கால்மணி நேரம் குழந்தையை உரக்க வாசிக்கச் சொல்லவேண்டும். எழுத்தறியாத தாயாரும் குழந்தை தயங்குகிறதா, தடையின்றி வாசிக்கிறதா என்பதைக் காதால் அறியலாம். வாசித்து முடித்ததும், “இதில் என்ன சொல்லியிருக்கிறது?” என்று கேட்கவேண்டும். குழந்தை தன் வார்த்தையில் சொன்னால் பொருள் விளங்கியிருக்கிறது என்று அறியலாம். புத்தகத்தைப் பாராமலே மனப்பாடமாகச் சொல்கிறதோ என்ற சந்தேகம் தோன்றினால், பஸ்ஸின் பலகையையோ கடைப் பெயரையோ காட்டி வாசிக்கச் சொல்லலாம்.

3. கதை சொல்லுதல். பாட்டன் பாட்டியரின் கதைகளும் விடுகதைகளும் குழந்தையின் சொல்வளத்தைப் பெருக்குகின்றன. தன் காதில் முன்பே விழுந்த சொல்லைப் புத்தகத்தில் காணும்போது குழந்தை எளிதில் வாசித்துவிடும்.

4. நேரத்தையும் இடத்தையும் ஒதுக்குதல். சிறிய வீடாயினும், தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் அணைக்கப்பட்ட அரைமணி நேரமும், வெளிச்சமுள்ள ஒரு மூலையும் குழந்தைக்குப் போதும்.

5. தேகநலத்தைக் கவனித்தல். போதிய உறக்கமின்றி வரும் குழந்தைக்குப் பாடம் ஏறாது. கரும்பலகை தெரியாமல் கண்ணை இடுக்கிப் பார்ப்பதும், கூப்பிட்டால் திரும்பாமலிருப்பதும் மந்தபுத்தியின் அடையாளங்கள் அல்ல. கண்ணிலோ காதிலோ குறையிருக்கலாம். அத்தகைய குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லவேண்டும்.

6. அடிக்காமலும் ஒப்பிடாமலும் இருத்தல். அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு ஏசுவதால் குழந்தை தன் தவறுகளை மறைக்கக் கற்கிறதே அன்றித் திருத்தக் கற்பதில்லை.

7. பெண் குழந்தையையும் சமமாக நடத்துதல். தண்ணீர் எடுப்பதும் பாத்திரம் துலக்குவதும் சகோதரனுக்கும் பங்கிடப்பட்டால், இருவருக்கும் படிக்க நேரமுண்டாகும்.

வெளியூருக்கு வேலைக்குச் செல்வோர்

இந்த ஜில்லாவிலிருந்து பல குடும்பங்கள் கட்டிட வேலைக்காகப் பெங்களூருக்கும், பனியன் தொழிலுக்காகத் திருப்பூருக்கும், செங்கல் சூளைகளுக்கும் செல்கின்றன. அப்போது குழந்தையின் படிப்பு நடுவில் அறுந்துவிடுகிறது. கூடியவரையில் குழந்தையைப் பாட்டனார் வீட்டிலோ, உறவினர் வீட்டிலோ, மாணவர் விடுதியிலோ விட்டுச் செல்வது நலம். அழைத்துச் செல்வது தவிர்க்க முடியாததாயின், போகுமிடத்திலேயே பாடசாலையில் சேர்க்கலாம். 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இதை உரிமையாக அளித்திருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாயிற்று என்றோ, வயதுச் சான்று இல்லை என்றோ குழந்தையைச் சேர்க்க மறுப்பதற்கு இடமில்லை. நடுவில் படிப்பை விட்ட குழந்தையையும் அதன் வயதிற்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்திற்கு விசேஷப் பயிற்சி அளிக்கவேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது.

பாடசாலையுடன் தொடர்பு

பெற்றோர் பலர் பாடசாலைக்குச் செல்வது குழந்தையைச் சேர்க்கும் நாளில் மட்டுமே. உபாத்தியாயரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று அவர்கள் கூசுகின்றனர். இக்கூச்சம் வேண்டியதில்லை. குழந்தையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைப் பெற்றோரைக் கூட்டித் தெரிவிப்பது உபாத்தியாயரின் கடமைகளுள் ஒன்றாகச் சட்டத்திலேயே சொல்லப்பட்டிருக்கிறது. மாதம் ஒருமுறை சென்று, “என் குழந்தை தன் வகுப்புப் புத்தகத்தை வாசிக்கிறதா? எந்தக் கணக்கில் தடுமாறுகிறது? வீட்டில் என்ன செய்யவேண்டும்?” என்னும் மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும்.

பள்ளி மேலாண்மைக் குழுவும் இதற்காகவே ஏற்பட்டது. அதன் அங்கத்தினரில் நாலில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்கவேண்டும். பாடசாலை நடைபெறும் விதத்தைக் கவனிப்பதும், அதன் அபிவிருத்திக்குத் திட்டம் தயாரிப்பதும், வரும் பணம் செலவாகும் விதத்தைப் பார்வையிடுவதும் அக்குழுவின் பொறுப்பு. கழிப்பிடத்தில் தண்ணீர் உண்டா, சமைத்த உணவு நன்றாயிருக்கிறதா, அடிக்கடி வராத குழந்தைகள் யார் என்பவற்றைக் கவனிக்க எழுத்தறிவு தேவையில்லை. கையொப்பமிடுவதோடு நில்லாமல், கூட்டத்தில் அமர்ந்து பேசவேண்டியது அங்கத்தினராகும் தாய்மார்களின் கடமை.

ஒரு குழந்தை பாடசாலையில் செலவிடும் நேரத்தைவிட வீட்டிலும் ஊரிலும் செலவிடும் நேரம் அதிகம். பாடசாலையில் ஏற்றப்பட்ட எழுத்து, வீட்டில் ஒருவர் கேட்க வாசிக்கப்படும்போதுதான் நிலைக்கிறது. தமக்குக் கிட்டாத எழுத்தறிவைத் தம் மக்களுக்குக் கிட்டச் செய்யும் சக்தி, எழுத்தறியாத தாய் தந்தையரிடமும் இருக்கிறது. தருமபுரி ஜில்லாப் பெற்றோர் ஒவ்வொருவரும் இன்றிரவே குழந்தையின் புத்தகத்தை எடுத்து வரச் சொல்லி, அருகில் அமர்ந்து ஒரு பக்கம் வாசிக்கக் கேட்பார்களாயின், அதுவே நல்ல ஆரம்பமாகும்.